ஆண்டுத் திட்டமிடல் முகாமை நடத்த வெளியிலிருந்து நெறியாளரை அழைக்கலாமா?

கரிசல்காடு

எங்கள் அறக்கட்டளை தென் மாவட்டம் ஒன்றில் மானாவாரி விவசாயிகளிடையே நீண்ட காலமாகப் பணியாற்றி வருகிறது. களப்பணியாளர்கள், கணக்குப் பிரிவினர், வட்டார ஒருங்கிணைப்பாளர்கள், அறங்காவலர்கள் என முப்பது பேருக்குக் குறையாமல் ஆண்டுக்கொருமுறை வெளியூரில் மூன்று நாள் தங்கித் திட்டமிடுவது வழக்கம். முகாமை எப்போதும் எங்கள் நிறுவனரே நடத்துகிறார். அவரை நாங்கள் அனைவரும் ஐயா என்றே அழைக்கிறோம். அவர்மீது எங்களுக்குள்ள மதிப்பில் குறையேதும் இல்லை. ஆயினும் அவர் பேசத் தொடங்கியதும் மற்றவர்கள் குறிப்பேட்டைத் திறந்துவிடுகிறார்கள். "வேறு கருத்து யாருக்காவது உண்டா?" என்று அவர் கேட்கும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை, அந்த மௌனம் "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறிவிடுகிறது. உண்மையான விவாதம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வராந்தாவில்தான் நடக்கிறது.

இந்த ஆண்டு நிலைமை வேறு. ஐயா அன்றாட நிர்வாகத்திலிருந்து விலக விரும்புகிறார். இரண்டு நிதித் திட்டங்கள் ஒரே சமயத்தில் முடிகின்றன. வட்டார அலுவலகங்களில் ஒன்றை மூட நேரலாம். ஆகவே கூட்டங்களை நடத்துவதையே தொழிலாகக் கொண்ட நெறியாளர் ஒருவரை அமர்த்தலாம் என்று செயலாளர் என்ற முறையில் நான் முன்மொழிந்தேன். "நம் வீட்டு விஷயத்தை வெளியாள் எதிரில் பேசுவதா?" என்று ஓர் அறங்காவலர் கேட்டார். அந்தப் பணத்தில் ஒரு களப்பணியாளருக்குச் சில மாதச் சம்பளம் கொடுக்கலாமே என்றார் இன்னொருவர். இரண்டு கேள்விகளையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தீர்மானப்புத்தகம்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். தொழிற்சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பொறுப்பு வகித்து ஓய்வு பெற்றவன் நான். என் கருத்து உங்கள் முன்மொழிவுக்கு எதிரானது. கூட்டம் நடத்துவதற்கென்று ஏற்கெனவே முறை இருக்கிறது. பொருள்நிரலை முன்கூட்டியே சுற்றுக்கு விட வேண்டும். ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய, திருத்தங்களை எடுத்துக்கொண்டு வாக்குக்கு விட வேண்டும். எதிர்த்தவர் விரும்பினால் அவருடைய மறுப்பும் குறிப்பில் ஏற வேண்டும். இந்த முறை பேசத் தயங்குபவனுக்கும் பாதுகாப்புத் தருகிறது, ஏனென்றால் எந்த இடத்தில் எழுந்து எதைச் சொல்லலாம் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

நான் பார்த்த நெறியாளர் கூட்டங்களில் சுவர் முழுவதும் சார்ட் தாள் ஒட்டப்பட்டிருந்தது. முடிவு எது, அதற்குப் பொறுப்பு யார், எந்தத் தேதிக்குள் என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. எல்லோரும் மனம் விட்டுப் பேசியதாக மகிழ்ச்சியுடன் கலைந்தார்கள். உங்களுடைய சிக்கல் நிறுவனரே தலைமை வகிப்பதுதான் என்றால், வேறோர் அறங்காவலரைத் தலைமை வகிக்கச் சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.

வட்டமேசை

நான் இந்தத் தொழிலில் இருப்பவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கருத்தை அதற்கேற்பத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

சார்ட் தாள் பற்றித் தோழர் கூறியது உண்மை. சுவரில் ஒட்டிய தாள்களைக் கைப்பேசியில் படம் எடுத்து, அந்தப் படங்களையே அறிக்கை என்று அனுப்பிவிடும் நெறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் வேறோர் அறங்காவலர் தலைமை வகித்தால் போதும் என்பதை ஏற்க இயலவில்லை. அலுவலகத்தை மூடும் விவாதத்தில் அந்த அறங்காவலருக்கும் ஒரு நிலைப்பாடு இருக்கும். தலைமை வகிப்பவர் தம் கருத்தைச் சொன்னால் தராசு சாய்கிறது. சொல்லாமல் அடக்கிக்கொண்டால் நிறுவனம் ஒரு நல்ல கருத்தை இழக்கிறது. முடிவினால் தமக்கு இலாபமும் நட்டமும் இல்லாத ஒருவர் நடைமுறையைக் கவனித்துக்கொள்ளும்போதுதான் மற்ற அனைவரும், உங்கள் ஐயா உட்பட, பங்கேற்பாளர்களாக அமர முடியும். நெறியாளருக்குப் பேசப்படும் பொருளில் கருத்து இருக்கக் கூடாது. யார், எப்போது, எவ்வளவு நேரம், எந்தக் கேள்விக்குப் பதிலாகப் பேசுகிறார்கள் என்பதில் அவர் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

நீங்கள் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி அந்த மூன்று நாள்களுக்கானது என்று நினைக்க வேண்டாம். முகாமுக்கு முன்பு எல்லாப் படிநிலைகளிலிருந்தும் சிலரைத் தேர்ந்து, அலுவலக உதவியாளரையும் ஓட்டுநரையும் விட்டுவிடாமல், ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரமாவது தனியே பேசுவேன். யார் சொன்னார் என்பதை வெளியிடமாட்டேன்; திரும்பத் திரும்ப வந்த செய்திகளை மட்டும் பெயரின்றித் தொகுத்து முதல் நாள் காலையில் அனைவர் முன்பும் வைப்பேன். வராந்தாவில் பேசப்படுவது அவைக்கு வருவதற்கு நான் அறிந்த வழி இதுதான். ஒவ்வொருவரும் தனக்கு மட்டுமே தோன்றியதாக நினைத்திருந்த ஐயம் பலருக்கும் இருப்பது அப்போது தெரிந்துவிடுகிறது.

எந்த அமைப்பிடமும் நான் முதலில் கேட்பது, எவையெல்லாம் உண்மையிலேயே முடிவாகாதவை என்பதைத்தான். அலுவலகத்தை மூடுவதென அறங்காவலர்கள் உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டிருந்தால், அதைப் பணியாளர்களிடம் நேராகச் சொல்லிவிட்டு, எப்படி மூடுவது, அங்கே பணியாற்றுவோருக்கு என்ன வழி என்பதை மட்டும் விவாதத்துக்கு விடுங்கள். முடிந்த முடிவுக்குக் கலந்தாய்வு வேடம் போட நெறியாளரைக் கூப்பிட்டால், அடுத்த ஆண்டு எந்த நெறியாளராலும் அவர்களைப் பேச வைக்க முடியாது.

இன்னொன்று. தனிமனிதர் மீதான புகாரையோ சம்பளத் தகராறையோ திட்டமிடல் முகாமில் தீர்க்க முயலாதீர்கள். பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகக் குழுவிடம்தான் அது செல்ல வேண்டும். முன்பேச்சுகளில் அப்படி ஏதேனும் தெரியவந்தால், நல்ல நெறியாளர் அதை முகாமுக்குள் இழுக்காமல், உரிய வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

புழுதிக்கால்

நான் களப்பணியாளர். நாற்காலியின் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த நிறுவனத்தில் பெருநகரத்திலிருந்து ஒரு நெறியாளரை அழைத்திருந்தார்கள். அவர் அன்பானவர், ஆனால் தமிழ் சரளமாக வராது. கேள்வி ஆங்கிலத்தில் வரும், மேலாளர் ஒருவர் அதைச் சுருக்கித் தமிழில் சொல்வார், நாங்கள் தமிழில் விரிவாகச் சொன்ன பதில் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தையாகி வெள்ளைப் பலகையில் ஏறும். கூலி உயர்ந்ததால் பருத்தி எடுக்க ஆள் வருவதில்லை, அதனால்தான் குழுக்கூட்டங்களும் இரவுக்குத் தள்ளிப்போகின்றன, இரவில் கூடினால் பெண்கள் வருவதில்லை என்று ஓர் அம்மா மிகத் தெளிவாக விளக்கினார். "பங்கேற்புக் குறைவு" என்று பலகையில் எழுதினார்கள். அதன்பின் அவர் அன்று பேசவில்லை.

அடுத்தது அட்டைகள். ஆளுக்கு மூன்று வண்ண அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து ஐந்து நிமிடத்தில் எழுதச் சொன்னார்கள். எங்களுடன் இருந்த சுய உதவிக் குழு ஊக்குநர்கள் பேச ஆரம்பித்தால் வங்கி மேலாளரையே மடக்கிவிடுவார்கள். எழுதுவதில் மட்டும் அவர்களுக்கு வேகம் இல்லை. பட்டதாரிகள் மூன்றையும் நிரப்பியபோது அவர்கள் முதல் அட்டையில் இரண்டாம் சொல்லில் இருந்தார்கள். எல்லோருக்கும் சமவாய்ப்பு என்று கொண்டுவந்த முறையே அவர்களைப் பின்னுக்குத் தள்ளியது.

கிராமங்களில் நாங்கள் செய்யும் பங்கேற்பு ஊரக மதிப்பீட்டில் இந்தச் சிக்கல் கிடையாது. ஊரக வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றோர் 1980களின் இறுதியிலிருந்து வலியுறுத்திவந்த செய்தியே அதுதான்: தரையில் கோலப்பொடியால் வரைபடம் போட்டு, புளியங்கொட்டையை வைத்துத் தரம் பிரிக்கும்போது வரைந்து காட்டும் கோல் யார் கையில் இருக்கிறதோ அவரே பேசுகிறார், எழுதத் தெரிந்தவர் என்ற உயர்வு அங்கே செல்லாது. ஊர் மக்களிடம் இதைச் செய்துவிட்டு, எங்கள் சொந்தக் கூட்டத்தில் மட்டும் நாற்காலியும் அட்டையும் எதற்கு என்பது எனக்கு விளங்கவே இல்லை.

விளையாட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தைத் தூக்கிப்போட்டுப் பெயர் சொல்வது ஒருவரையொருவர் அறியாதவர்களுக்குப் பொருந்தும். பல ஆண்டுகள் ஒன்றாக வேலை செய்தவர்களை, அதிலும் வேலை போகுமோ என்ற கவலையில் இருப்பவர்களை, கைகோத்துச் சுற்றிவரச் சொன்னால் எரிச்சல்தான் வரும்.

ஓடைமேடு

தோழர் தீர்மானப்புத்தகம் அவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. முறை இருந்தால் மட்டும் போதாது என்பதற்குக் கிராம சபையே சான்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று நாள் குறித்து, அழைப்பும் பொருள்நிரலும் வைத்துத்தான் கூட்டுகிறோம். ஊராட்சித் தலைவரின் செலவுக் கணக்கு கேள்விக்கு உள்ளாகும் கூட்டத்துக்கும் அவரே தலைமை வகிக்கிறார். யார் பேசலாம், எப்போது முடிக்கலாம் என்பது அவர் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட கூட்டத்தில் தீர்மானப் பதிவேடு எவ்வளவு ஒழுங்காக இருந்தும் என்ன?

தீர்மானப்புத்தகம்

கிராம சபை உதாரணத்தை ஏற்கிறேன்; தலைமை வகிப்பவரே எதிர்த்தரப்பாகவும் இருப்பது முறைகேடுதான். ஆனால் நெறியாளரின் நடுநிலையை நான் இன்னும் நம்பவில்லை. அவருக்குப் பணம் கொடுப்பவர் யார்? நிறுவனர்தானே காசோலையில் கையெழுத்திடுகிறார்? அடுத்த ஆண்டும் அழைப்பு வர வேண்டும் என்று நினைக்கும் ஒருவர், நிறுவனர் குறுக்கிட்டுப் பேசும்போது "ஐயா, உங்கள் முறை இன்னும் வரவில்லை" என்று சொல்வாரா?

வட்டமேசை

சொல்லியாக வேண்டும், சொல்ல இயலாதவரை அமர்த்தக் கூடாது. அதற்காகவே நான் முகாமுக்கு முன்பு நிறுவனரைத் தனியே சந்தித்து, அவைக்கு எதிரில் அவரை நிறுத்த எனக்கு அனுமதி உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவேன். சிலர் சிரித்துக்கொண்டே தருவார்கள். தயங்குபவரிடம் அந்த வேலையை நான் ஏற்பதில்லை. 1994இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு நெறியாளர் சங்கம் சான்றிதழும் வழங்குகிறது, நடுநிலையும் இரகசியக் காப்பும் வேண்டும் என்று நெறிமுறையும் வைத்திருக்கிறது. ஆனாலும் சான்றிதழைப் பார்ப்பதைவிட, அவர் நடத்திய கூட்டத்தில் கடைநிலைப் பணியாளராக இருந்த ஒருவரிடம் தொலைபேசியில் கேட்பது அதிகம் பயன் தரும்.

வெளியாள் எதிரில் வீட்டு விஷயமா என்ற கேள்விக்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டைச் சொல்லலாம். நெல்சன் மண்டேலா விடுதலையாகி, புதிய அரசமைப்பு இன்னும் உருவாகாதிருந்த 1991, 1992 ஆண்டுகளில், தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் அருகிலுள்ள மோன்ட் ஃப்ளூர் என்னும் மாநாட்டு விடுதியில் 22 பேர் சில முறை கூடித் தங்கிப் பேசினார்கள். ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸைச் சேர்ந்தவர்கள், தொழிற்சங்கத்தினர், வெள்ளையின வணிகர்கள், பொருளியலாளர்கள் என்று ஒரே மேசையில் எளிதில் அமராதவர்கள் அவர்கள். கூட்டங்களை நெறிப்படுத்தியவர் ஆடம் கஹானே. கனடாக்காரர், இலண்டனில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் எதிர்காலக் கணிப்புப் பிரிவில் இருந்தவர். அந்த நாட்டைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது என்பதே அங்கே உதவியாக அமைந்தது. எந்தத் தரப்பும் அவரைத் தன் ஆள் என்றோ எதிரியின் ஆள் என்றோ கருதவில்லை.

அங்கே கடைப்பிடித்த விதியை உங்கள் முகாமுக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எது நடக்க வேண்டும் என்று யாரும் பேசக் கூடாது. எது நடக்கக்கூடும் என்று மட்டுமே பேசலாம். ஒருவர் ஒரு கதையைச் சொன்னால், "அது நடக்கவே நடக்காது" என்று மறுக்கவும் கூடாது, "ஏன் அப்படி நடக்கும்? அடுத்து என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்கலாம். இறுதியில் நான்கு கதைகள் நின்றன. உடன்பாட்டைத் தவிர்த்து மணலில் தலையைப் புதைக்கும் நெருப்புக்கோழி, எதையும் செய்ய வலுவில்லாத இடைக்கால அரசாகிய நொண்டி வாத்து, கருவூலத்தை மீறிச் செலவழித்து கிரேக்கப் புராணத்தில் மெழுகுச் சிறகுடன் சூரியனை நெருங்கியவனைப் போல உயரப் பறந்து விழும் இக்காரஸ், எல்லோரும் சேர்ந்து மெதுவாக எழும் பூநாரைகள். அன்று பங்கேற்ற டிரெவர் மானுவல் 1996இல் நிதியமைச்சரானார். டிட்டோ ம்போவேனி 1999இல் மத்திய வங்கியின் ஆளுநரானார்.

உங்கள் அலுவலகத்தை மூடலாமா கூடாதா என்று நேரடியாகக் கேட்டால் முதல் அரைமணியில் இரண்டு அணி உருவாகிவிடும். மூடினால் அடுத்த மூன்றாண்டில் என்னவெல்லாம் ஆகலாம், மூடாவிட்டால் என்னவெல்லாம் ஆகலாம் என்று கலந்த குழுக்களிடம் கேட்டால், மூட வேண்டாம் என்பவரே மூடாததன் விலையைக் கணக்கிட்டுச் சொல்வார்.

புழுதிக்கால் கூறியவை ஒவ்வொரு நெறியாளரும் படிக்க வேண்டியவை. தனியே எழுதிவிட்டுப் பிறகு பேசும் முறை பெரும்பாலும் 1970களின் தொடக்கத்தில் டெல்பெக், வான் டி வென் என்னும் மேலாண்மை ஆய்வாளர்கள் வகுத்த முறையின் வழிவந்தது. முதலில் பேசுபவரின் கருத்துக்குப் பின்னால் மற்றவர்கள் ஓடிவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம். எழுத்து அதற்கு ஒரு கருவிதான். இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினாலும், எழுதாமலே இருவர் பேசி, நால்வரிடம் சொல்லி, அவைக்குக் கொண்டுவந்தாலும் அதே பயன் கிடைக்கும்.

புழுதிக்கால்

நன்றி அம்மா. வாக்களிப்பு முறையையும் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு ஆளுக்கு ஐந்து ஸ்டிக்கர் பொட்டு கொடுத்து, பிடித்த யோசனைக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னார்கள். மேலாளர் முதலில் போய் ஒட்டினார். பிறகு எல்லாப் பொட்டும் அதே இடத்தில் விழுந்தது.

வட்டமேசை

பொட்டு ஒட்டுவதாக இருந்தால், எங்கே ஒட்டப்போகிறோம் என்பதை எல்லோரும் முதலில் தம் தாளில் குறித்துக்கொண்டு ஒரே நேரத்தில் எழுந்துபோய் ஒட்ட வேண்டும். பொறுப்பில் உயர்ந்தவர் கடைசியாகப் போக வேண்டும். இன்னொரு குறையும் அதில் உண்டு. ஒரே யோசனை இரு வேறு சொற்களில் இரு தாளில் இருந்தால் பொட்டுகள் பிரிந்து, உண்மையில் அதிக ஆதரவு பெற்ற யோசனை தோற்றுவிடும். ஆகவே முதலில் ஒத்தவற்றை ஒன்றுசேர்த்த பிறகே ஒட்ட வேண்டும். பொட்டின் எண்ணிக்கையை எதைப் பற்றி மேலும் பேசலாம் என்பதற்குப் பயன்படுத்துங்கள், இறுதி முடிவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வெயில்நேரம்

கட்டணம் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் பகுதியில் சிறு நிறுவனங்கள் சில ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் மூத்த பணியாளர் மற்றொரு நிறுவனத்தின் முகாமை நடத்திக் கொடுப்பார். அவர்கள் ஆள் இவர்களுக்கு வருவார். போக்குவரத்துச் செலவு மட்டும்தான். தமிழும் களமும் தெரிந்தவர்கள் என்பது கூடுதல் நன்மை. ஆனால் இரு நிறுவனங்களும் ஒரே நிதியமைப்பிடம் விண்ணப்பிப்பவையாக இருந்தால் இது சரிவராது. திட்டத்தையும் வரவு செலவையும் போட்டியாளர் எதிரில் யாரும் திறந்து வைக்கமாட்டார்கள்.

ஹாரிசன் ஓவன் 1985இல் தொடங்கிய திறந்தவெளி முறையையும் கவனியுங்கள். மாநாடுகளில் தேநீர் இடைவேளைதான் பயனுள்ளதாக இருக்கிறது என்று கண்டு, முழு மாநாட்டையும் அப்படியே அமைத்தவர் அவர். பொருள்நிரலைப் பங்கேற்பாளர்களே காலையில் உருவாக்குவார்கள். கற்கவோ கொடுக்கவோ இயலாத குழுவிலிருந்து யாரும் எழுந்து வேறு குழுவுக்குப் போய்விடலாம். நெறியாளருக்கும் பெரிய வேலை இல்லை. உங்கள் வராந்தாப் பேச்சுக்கு இது பொருந்தும்.

வட்டமேசை

இரண்டாம் நாள் பிற்பகலுக்குப் பொருந்தலாம், புதிய திட்டங்களுக்கான யோசனைகள் வேண்டுமென்றால். அலுவலகத்தை மூடும் கேள்விக்கு வேண்டாம். எழுந்து போகும் உரிமை இருந்தால், கசப்பான குழுவில் அந்த வட்டாரத்துப் பணியாளர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

கரிசல்காடு

அனைவருக்கும் நன்றி. ஐயாவிடம் இந்தப் பதிவுகளைக் காட்டினேன். பங்கேற்பாளராக அமர அவருக்குச் சம்மதம். தம் கருத்தைக் கடைசியாகச் சொல்வதாகவும் கூறினார். தமிழில் நடத்தக்கூடிய ஒருவரை மட்டுமே அணுகப்போகிறோம். முன்பேச்சுக்கான கட்டணத்தைத் தனி இனமாகக் காட்டச் சொல்லி, செலவைக் குறைக்க முகாமை மலையில் வைக்காமல் அருகிலுள்ள பயிற்சி மையத்தில் வைக்கிறோம். இனி ஒரு கேள்வி மீதமிருக்கிறது. மூன்றாம் நாள் இறுதியில் முகாம் ஒரு முடிவுக்கு வந்தால், அது அறக்கட்டளையின் முடிவாகிவிடுமா? பணியாளர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தீர்மானப்புத்தகம்

ஆகாது. மோன்ட் ஃப்ளூரில் கூடியவர்களும் எதையும் சட்டமாக்கவில்லை. அதற்கான பேச்சுவார்த்தை முறைப்படி வேறிடத்தில் நடந்தது. உங்கள் முகாமும் பரிந்துரை செய்யும் அவைதான் என்பதை முதல் நாள் காலையிலேயே நெறியாளர் வாயால் சொல்லச் செய்யுங்கள். மூன்றாம் நாள் பிற்பகல் அறங்காவலர் கூட்டத்தை அதே மையத்தில் தனியே கூட்டி, கோரம் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை) பார்த்து, ஒவ்வொரு பரிந்துரையையும் ஏற்றோம், திருத்தி ஏற்றோம், தள்ளினோம், காரணம் இது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு, பணியாளர்கள் ஊருக்குப் பேருந்து ஏறுவதற்கு முன்பு அவையில் படித்துவிடுங்கள். இந்த ஏற்பாட்டோடு நெறியாளர் வருவதாக இருந்தால் எனக்கு மறுப்பு இல்லை.

வட்டமேசை

தோழர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அறங்காவலர் கூட்டம் நடக்கும் அந்த நேரத்தில் பணியாளர்களைச் சும்மா காத்திருக்க வைக்க வேண்டாம். எந்தப் பரிந்துரை ஏற்கப்பட்டால் முதல் மாதத்தில் யார் என்ன செய்வது என்பதை அவர்கள் வட்டாரவாரியாக எழுதிக்கொண்டிருக்கட்டும். அறிக்கையை ஒரு வாரத்துக்குள் தமிழில் தட்டச்சு செய்து தருவதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

கரிசல்காடு

எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் அறங்காவலர் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதை இன்றே பார்த்துவிடுகிறேன். அதற்கேற்ப முகாம் தேதியை ஒரு வாரம் தள்ள வேண்டியிருந்தால் தள்ளிவிடலாம். மையத்துக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை.